நினைவும் மறதியும் நகையும்
அசோகமித்திரனின் வாழ்க்கை நோக்கு: ஓர் இறையியல் வாசிப்பு

1. முன்னுரை

சென்னை அண்ணா சாலையில் 1973-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மேம்பாலத்திற்கு அண்ணா மேம்பாலம் என்பதே முறையான பெயர். ஆயினும் மக்கள் நாவில் அது ஜெமினி மேம்பாலமாகவே நிலைத்துவிட்டது. எஸ். எஸ். வாசன் நிறுவிய ஜெமினி ஸ்டூடியோ அங்கிருந்து மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அது நின்ற நிலத்தில் இன்று நட்சத்திர விடுதியும் வணிக வளாகமும் எழுந்து நிற்கின்றன. அப்பெயரைச் சொல்லிப் பேருந்திலிருந்து இறங்கும் இளைஞருள் பெரும்பாலோர்க்கு அது எதன் பெயர் என்பது தெரியாது. பெயர் நிற்கிறது, பெயருக்கு உரியது மறைந்தது. நினைவும் மறதியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும் இவ்விடத்தை நினைத்துப் பார்க்கையில், சற்றே புன்னகை அரும்புகிறதல்லவா? அந்தப் புன்னகையைத் தம் எழுத்தின் அடிநாதமாகக் கொண்டவர் அசோகமித்திரன்.

ஜ. தியாகராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட அசோகமித்திரன் 1931-ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் பிறந்தார். தந்தையாரின் மறைவுக்குப்பின் 1952-இல் சென்னைக்குக் குடிவந்தார். 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றினார். அதன்பின் எழுத்தையே நம்பி வாழ்ந்தார். தியாகராய நகரில் நெடுங்காலம் வசித்து, 2017-ஆம் ஆண்டு சென்னையிலேயே காலமானார். ஸ்டூடியோவில் அவருக்கு வாய்த்த வேலை விந்தையானது. செய்தித்தாள்களிலிருந்து பல பொருள் பற்றிய துணுக்குகளை வெட்டியெடுத்துக் கோப்புகளில் சேர்த்து வைப்பதே அவ்வேலை. நாள் முழுதும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டிருக்கும் இவர் உண்மையில் வேலை எதுவும் செய்வதில்லை என்றே பிறர் எண்ணினர். இதனைப் பின்னாளில் அவரே நகைச்சுவை ததும்ப எழுதியிருக்கிறார். நினைவைக் காப்பவனை வேலையற்றவன் என்று உலகம் கருதுகிறது. அவனும் அதனை மறுக்காமல் தானும் உடன் சேர்ந்து சிரிக்கிறான். அசோகமித்திரனின் தத்துவ நோக்கு முழுவதையும் இக்காட்சியிலேயே கண்டுகொள்ளலாம்.

நினைவு, மறதி, நகை ஆகிய மூன்றும் இவ்வாசிரியரின் படைப்புகளில் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்பதையும், நினைவுகூருதலையே வழிபாட்டின் மையமாகக் கொண்ட திருச்சபைக்கு அவை என்ன கற்பிக்கின்றன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அசோகமித்திரனைக் கிறிஸ்தவர் என்றோ, தம்மை அறியாமலேயே நற்செய்தியை உரைத்தவர் என்றோ காட்ட நாம் முற்படவில்லை. அவ்வாறு செய்வது அவருக்கும் நியாயமன்று. நற்செய்திக்கும் பெருமை சேர்ப்பதன்று.

2. ஆணையிட்ட மறதியும் தானே வரும் மறதியும்

இப்பொருளை உலக இலக்கியத்தில் பெயர்பெறச் செய்தவர் செக் நாட்டு நாவலாசிரியர் மிலன் குந்தேரா (1929–2023). நகையையும் மறதியையும் தலைப்பாகவே கொண்ட அவருடைய நூல் 1979-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் வரும் நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. 1948 பிப்ரவரியில் பிராகு நகரில் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் கோட்வால்ட் மாடத்தில் நின்று மக்களுக்கு உரையாற்றுகிறார். பனி பெய்கிறது. அருகில் நின்ற கிளெமென்டிஸ் தம் தொப்பியைக் கழற்றித் தலைவரின் தலையில் அணிவிக்கிறார். 1952-இல் கிளெமென்டிஸ் துரோகக் குற்றம் சாட்டப்பெற்றுத் தூக்கிலிடப்படுகிறார். புகைப்படத்திலிருந்தும் அவர் உருவம் அகற்றப்படுகிறது. எஞ்சியது தலைவரின் தலையிலிருந்த தொப்பி மட்டுமே. இங்கே மறதி என்பது அரசின் ஆணை. நினைவு என்பது அவ்வாணைக்கு எதிரான போர். நகை அப்போரில் ஒரு படைக்கலம்.

அதே 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இந்திய இராணுவம் ஐதராபாத் சமஸ்தானத்துள் நுழைந்தது. பதின்பருவத்து இளைஞராக அந்நாட்களைச் செகந்திராபாத்தில் கண்டவர் அசோகமித்திரன். ஏறத்தாழ ஒரே வயதினரான இவ்விருவரும் ஒரே ஆண்டின் வரலாற்றுத் திருப்பத்தைத் தத்தம் நகரங்களில் கண்டனர் என்பது எண்ணத்தக்கது. ஆனால் இருவர் கண்ட மறதியும் ஒன்றன்று.

அசோகமித்திரனின் சென்னையில் எவரும் எவரையும் மறக்கும்படி ஆணையிடுவதில்லை. வாடகை கொடுக்க வேண்டும். குழாயடியில் இடம் பிடிக்க வேண்டும். பேருந்தைப் பிடித்து வேலைக்குச் செல்ல வேண்டும். இவற்றுக்கிடையே மறதி தானாகவே வந்து சேர்கிறது. 1969-ஆம் ஆண்டு வெளிவந்த 'கரைந்த நிழல்கள்' திரைப்படத் தொழிலின் உள்ளுலகைக் காட்டும் நாவல். அதில் தொடக்கத்தில் நாம் நெருங்கிப் பழகிய மாந்தர் ஒவ்வொருவராக நம் பார்வையிலிருந்து நழுவிப் போகின்றனர். அவர்களைப் பற்றிப் பின்னர் கிடைப்பவையெல்லாம் பிறர் வாய்ச் செய்திகளே. கதைத் தலைவன் என்று ஒருவனைப் பற்றிக்கொள்ளவும் நமக்கு இடமில்லை. படச்சுருளில் பதிந்தோர் உலகம் உள்ளளவும் நிலைப்பர் என்று நம்பிய தொழிலில், அப்படத்தை உருவாக்கியோர் நிழலாகக் கரைகின்றனர். நாவலின் தலைப்பே அதன் தத்துவம் எனலாம்.

1973-இல் நூலாக வந்த 'தண்ணீர்' நாவலையும் இவ்வகையில் நோக்கலாம். குடிநீருக்குத் தவிக்கும் ஒரு சென்னைத் தெருவில் ஜமுனா, சாயா என்னும் சகோதரியர் வாழ்கின்றனர். திரைப்பட வாய்ப்பு வாங்கித் தருவதாகக் கூறி ஜமுனாவின் வாழ்வைச் சீரழித்தவன் பாஸ்கர் ராவ். ஆசிரியர் நெடுங்காலம் வாழ்ந்த தியாகராய நகரோ 1920-களில் ஓர் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பெற்ற பகுதி. ஏரியை மறந்த ஊர் பின்னர் குடத்தை ஏந்தித் தெருவில் நிற்கிறது. நாவல் இதனைக் குற்றச்சாட்டாக எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய தேவையும் இல்லை. 2015 டிசம்பரில் வெள்ளத்தையும் 2019 கோடையில் கடும் வறட்சியையும் கண்ட சென்னை மக்களுக்கு அது சொல்லாமலே விளங்கும்.

ஆகவே குந்தேராவின் உலகில் மறப்பவன் அடக்குமுறையின் கருவி. அசோகமித்திரனின் உலகில் மறப்பவன் நம்மைப் போன்றவன். பல வேளைகளில் நாமேதான். இவ்வேறுபாடு நகையின் தன்மையையும் மாற்றிவிடுகிறது.

3. நகை யாரை நோக்கியது?

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலிலும் அழுகையை அதனை அடுத்தும் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகை பிறக்கும் நிலைக்களங்கள் என்றும் கூறுகிறது. இவை பிறரிடத்துத் தோன்றுதலேயன்றித் தன்னிடத்துத் தோன்றுதலும் உண்டு என உரையாசிரியர் விளக்குவர். தன் பேதைமையைத் தானே கண்டு நகுதல் என்னும் இக்கூறே அசோகமித்திரனைப் புரிந்துகொள்ளத் திறவுகோலாகும்.

'புலிக்கலைஞன்' என்னும் சிறுகதையை எடுத்துக்கொள்வோம். வேலை அதிகமில்லாத ஒரு நாளில் திரைப்பட ஸ்டூடியோ அலுவலகத்திற்கு வாய்ப்புக் கேட்டு ஒருவன் வருகிறான். தன் பெயர் 'டகர் பாயிட் காதர்' என்கிறான். ஆங்கிலச் சொல் அவன் நாவில் சிதைந்து வருவது அங்கிருப்போர்க்கு வேடிக்கையாக இருக்கிறது. படிக்கும் நாமும் சிரிக்கிறோம். இது எள்ளல் நகை. பின்னர் அவன் புலித்தலையை அணிந்துகொண்டு பாய்கிறான். அந்த அறையில் ஒரு கணம் மனிதன் மறைந்து புலி நிற்கிறது. சிரித்தவர் வாயடைத்துப் போகின்றனர். ஆட்டம் முடிந்ததும் அவன் மீண்டும் பசியால் வாடும் ஏழை மனிதனாகிக் காலில் விழுந்து கதறுகிறான். சில நாட்களுக்குப்பின் அவனுக்கு எழுதிய கடிதம், அம்முகவரியில் அவன் இல்லையென்று திரும்பி வந்துவிடுகிறது.

இக்கதையில் எவரும் கொடியவர் அல்லர். அலுவலகத்தில் இருந்தவர்கள் அவனுக்கு உதவவே விரும்பினர். ஆயினும் அவன் தொலைந்து போனான். நம் முதற்சிரிப்பு இப்போது நம்மிடமே திரும்பி வருகிறது. யாரைப் பார்த்துச் சிரித்தோமோ அவன் நம்மினும் பெரியவன் என்பதையும், அவனை நினைவில் வைத்திருப்பதைத் தவிர நம்மால் எதுவும் செய்ய இயலவில்லை என்பதையும் அச்சிரிப்பே நமக்கு உணர்த்துகிறது. பிரசங்கி 9-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு பட்டணத்தைத் தன் ஞானத்தால் விடுவித்த ஏழையைப் பற்றியும், அவனை ஒருவரும் நினையாமற்போனதைப் பற்றியும் படிக்கிறோம் (9:14–16). அவ்வேழைக்குப் பெயரில்லை. காதருக்கோ பெயருண்டு, ஆனால் முகவரி இல்லை.

'எலி' என்னும் கதையும் இத்தகையதே. வீட்டில் தொல்லை தந்த எலியைப் பிடிக்க ஒருவர் வடையை வாங்கி வந்து பொறியில் வைக்கிறார். எலி அகப்படுகிறது. வெளியே கொண்டுபோய் விடுகையில் காகத்திற்கு இரையாகிறது. பொறியைத் திரும்பப் பார்க்கையில் அந்த வடை தின்னப்படாமல் அப்படியே இருக்கிறது. இறக்கப்போகும் எலி அந்த வடையையாவது தின்றிருக்கக் கூடாதா என்று வருந்தும் மனிதரைக் கண்டு நமக்கு முதலில் சிரிப்பு வருகிறது. ஆனால் அச்சிரிப்பு நெஞ்சில் ஏதோ ஒன்றை விட்டுச் செல்கிறது. அன்றாட வாழ்வில் ஓர் உயிரின் அழிவு எவ்வளவு எளிதாக நிகழ்ந்துவிடுகிறது! அதனை நமக்கு நினைவூட்ட ஒரு வடை போதுமாயிருக்கிறது.

சமயப் பணியாளராகிய நம்மை நேரே தீண்டும் ஒரு பகுதி, ஜெமினி ஆண்டுகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதி 2002-இல் நூலாக வந்த நினைவுக் கட்டுரைகளில் உண்டு. 1952-இல் அறநெறிப் புத்தாயுத இயக்கத்தினர் சுமார் இருநூறு பேர் சென்னைக்கு வந்து இரு நாடகங்களை நடித்துக் காட்டினர். அமெரிக்க லுத்தரன் குருவாகிய பிராங்க் புக்மன் தோற்றுவித்த இயக்கம் அது. மாந்தர் உள்ளத்தை மாற்றி உலகை மாற்ற வந்த அக்குழுவினரை அசோகமித்திரன் ஒரு பன்னாட்டு சர்க்கஸ் குழுவைப் போலச் சித்திரிக்கிறார். அந்நாடகங்களுள் ஒன்றன் பெயர் 'மறக்கப்பட்ட காரணி' என்று பொருள்படும். அவர்களுடைய செய்தி சென்னையில் என்ன விளைவித்தது? வெறுமையான மேடை, வெண்ணிறப் பின்திரை, புல்லாங்குழல் இசை ஆகியவற்றோடு கதிரவன் எழுவதும் மறைவதுமான காட்சி சில ஆண்டுகள் தமிழ் நாடகங்களில் தவறாமல் இடம்பெற்றது என்கிறார் ஆசிரியர். செய்தி மறக்கப்பட்டது, திரைச்சீலை எஞ்சியது. பிராகு நகரத்துத் தொப்பியும் சென்னை நகரத்து வெண்திரையும் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன அல்லவா? ஆயின் தொப்பியில் கசப்பு உண்டு. வெண்திரையில் புன்னகை மட்டுமே உண்டு. அப்புன்னகை நம்மை நோக்கியும் வினவுகிறது: நம் அருளுரைகளில் எஞ்சி நிற்கப்போவது செய்தியா, திரைச்சீலையா?

4. நகை நிற்கும் இடம்

அசோகமித்திரனின் நகை எல்லாவற்றையும் தழுவிக்கொள்ளும் என்று எண்ணிவிடலாகாது. அது நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. 1977-இல் வெளிவந்த '18வது அட்சக்கோடு' நாவலின் இறுதியே அவ்விடம்.

இந்நாவலின் தலைவன் சந்திரசேகரன் செகந்திராபாத்தில் வாழும் தமிழ் மாணவன். இரயில்வே ஊழியரின் மகன். கிரிக்கெட்டும் மிதிவண்டியும் கல்லூரியுமாக அவன் நாட்கள் கழிகின்றன. ரஜாக்கர்களின் ஆதிக்கம் வளர்கிறது. சமஸ்தானத்தின் எதிர்காலம் பற்றிய அச்சம் சூழ்கிறது. ஆயினும் அவனது விடலைத்தனத்தைக் கண்டு நாம் புன்னகைத்துக்கொண்டே செல்கிறோம். கதை 'நான்' என்று தன்மையிலும், 'சந்திரசேகரன்' என்று படர்க்கையிலும் மாறி மாறிச் சொல்லப்படுகிறது. நினைவுகூருபவன் தன்னைத் தானே அயலானாகப் பார்க்கும் உத்தி இது. தன்னை அயலானாகப் பார்க்க இயன்றவனுக்கே தன்னை நோக்கி நகைக்கவும் இயலும்.

நிஜாமின் படை பணிந்தபின் நகரில் கலவரம் மூள்கிறது. இப்போது தாக்கப்படுவோர் முஸ்லிம்கள். ஓடி ஒளியும் சந்திரசேகரன் ஒரு வீட்டினுள் புகுந்துவிடுகிறான். அது அஞ்சி நடுங்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. தன் குடும்பத்தாரைக் காப்பாற்றும்பொருட்டு ஒரு சிறுபெண் அவன்முன் தன் ஆடையைக் களைந்து நிற்கிறாள். அவன் எந்தத் தீங்கும் நினையாதவன். அடைக்கலம் தேடி வந்தவன். ஆனால் அவள் கண்ணில் அவன் கொலைகாரரின் இனத்தான். அவன் அங்கிருந்து ஓடுகிறான். நாவல் முடிகிறது.

இங்கே சிரிப்பு இல்லை. அமெரிக்க இறையியலறிஞர் ரைன்ஹோல்டு நீபூர் 1946-இல் வெளிவந்த தம் நூலொன்றில், நகைச்சுவை ஆலயத்தின் முன்மண்டபம் வரை வரலாம்; மகா பரிசுத்த ஸ்தலத்தில் அதற்கு இடமில்லை என்னும் கருத்தை எடுத்துரைத்தார். வாழ்வின் சிறு முரண்பாடுகளை நகையால் தாங்கலாம். பாவத்தையும் மரணத்தையும் அதனால் தாங்க இயலாது என்பதே அவர் வாதம். அசோகமித்திரன் நீபூரைப் பின்பற்றியவர் அல்லர். ஆயினும் அந்த வீட்டின் வாசலில் அவருடைய நகையும் காலணியைக் கழற்றிவிட்டு நிற்கிறது.

இந்நாவல் ஏன் நமக்கு இன்றியமையாதது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1948-இல் நிகழ்ந்த வன்செயல்களை ஆராயப் பிரதமர் நேரு பண்டித சுந்தர்லால் தலைமையில் ஒரு குழுவை அனுப்பினார். சமஸ்தானத்தின் பல மாவட்டங்களில் குறைந்தது 27,000 முதல் 40,000 பேர் உயிரிழந்திருக்கக்கூடும் என்று அக்குழு மதிப்பிட்டது. அவ்வறிக்கை நெடுங்காலம் அரசால் வெளியிடப்படவில்லை. வெற்றியாகக் கொண்டாடப்பெற்ற ஒரு நிகழ்ச்சியின் மறுபுறத்தை நாடு மறந்திருந்த காலத்தில், தியாகராய நகரில் வாழ்ந்த ஒரு தமிழ் எழுத்தாளர், வெற்றி பெற்ற தரப்பிலேயே பிறந்தவர், அதனை மறவாமல் எழுதினார். எண்களை அவர் எழுதவில்லை. ஒரு பெண்ணை எழுதினார். யாரையும் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. தன் கதைத் தலைவனையே அங்கு நிறுத்தினார்.

ஈண்டு அசோகமித்திரனின் தத்துவ நோக்கை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: நினைவுகூருபவன் குற்றமற்றவன் அல்லன். அவரது நகை சிறிய செய்திகளில் இதனைப் பழக்குகிறது. பெரிய செய்தி வரும்போது, வாசகன் அதற்கு ஆயத்தமாயிருக்கிறான். தன் பேதைமையைக் கண்டு சிரிக்கப் பழகாதவன் அந்தப் பெண்ணின்முன் தன் குற்றத்தைக் காணமாட்டான். அவன் அந்நிகழ்ச்சியையும் எதிர்த்தரப்பின் குற்றப்பட்டியலோடு சேர்த்துவிடுவான். நகையற்ற நினைவு பழிவாங்கலாகத் திரிகிறது. நினைவற்ற நகையோ, காதரைக் கண்டு எழுந்த முதற்சிரிப்பைப்போல், எளியோரை மிதிக்கிறது.

5. திருமறையின் ஒளியில்

திருமறையில் நினைவு ஒரு கட்டளை. எகிப்தில் அடிமையாயிருந்ததை மறவாதே என்று உபாகமம் மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறது. ஆனால் அந்த நினைவு எகிப்தியன்மீது வெறுப்பை வளர்ப்பதற்காகக் கொடுக்கப்படவில்லை, அந்நியனுக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் இரங்குவதற்காகவே கொடுக்கப்பட்டது (உபா. 24:17–22). எகிப்தியனை அருவருக்கலாகாது என்றும் அதே நூல் கூறுகிறது (உபா. 23:7).

மறதியும் திருமறையில் இறைவனின் கொடையாகக் காணப்படுகிறது. யோசேப்பு தன் தலைமகனுக்கு மனாசே என்று பெயரிட்டான். தன் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் தேவன் மறக்கப்பண்ணினார் என்பதே அப்பெயரின் பொருள் (ஆதி. 41:51). ஆனால் அப்பெயரை உச்சரிக்குந்தோறும் அவன் எதை மறந்தான் என்பது நினைவுக்கு வந்துவிடுமே! சகோதரர் தானியம் கொள்ள வந்தபோது எல்லாம் அவன் நினைவுக்கு வந்தன (42:9). தனியே சென்று அழுதான் (42:24). ஐதராபாத்தை விட்டுச் சென்னைக்கு வந்து, புதிய ஊரில் பிழைத்து, பழைய ஊரையே திரும்பத் திரும்ப எழுதிய அசோகமித்திரனின் மறதியும் மனாசேயின் மறதியைப் போன்றதே.

பாவங்களை இனி நினையேன் என்று இறைவனே மறதியை மேற்கொள்கிறார் (ஏசா. 43:25; எரே. 31:34). இதனைக் கொண்டு, நிகழ்ந்தவற்றை மறந்துவிடுங்கள் என்று காயம்பட்டோரிடம் கூறும் உரிமை நமக்கு உண்டா? இல்லை. மிரோஸ்லாவ் வோல்ஃப் என்னும் குரோவேசிய இறையியலறிஞர், யூகோஸ்லாவிய இராணுவ அதிகாரிகளின் விசாரணைக்குத் தாம் ஆளானதை முன்வைத்து, 2006-இல் வெளிவந்த தம் நூலில் இவ்வினாவை ஆராய்கிறார். தீங்கு உண்மையாக நினைவுகூரப்பட வேண்டும். நீதியும் ஒப்புரவும் நிறைவேறிய பின்னரே, இறைவனின் புதிய உலகில், அது நினைவில் எழாமற்போகும் என்பது அவர் முடிவு. மறதி ஒப்புரவின் கனி. அதனை விதையாக நட முற்படுவது பொய். ஆடையைக் களைந்து நின்ற அந்தப் பெண்ணை மறந்துவிடும் உரிமை சந்திரசேகரனுக்கு இல்லை. அவளே மறக்கும் நாள் ஒன்று வருமானால், அது இறைவன் கையிலிருந்தே வரவேண்டும்.

நகையைப் பற்றிய திருமறைச் செய்தி சாராளின் கூடாரவாசலில் தொடங்குகிறது. முதுமையில் மகன் பிறப்பான் என்று கேட்டுச் சாராள் தன் உள்ளத்தில் நகைக்கிறாள். பின்னர் அச்சத்தால் நகைக்கவில்லை என்று மறுக்கிறாள். நகைத்தாய் என்று கர்த்தர் திருத்துகிறார் (ஆதி. 18:12–15). நினைவு, மறதி, நகை ஆகிய மூன்றும் இம்மூன்று நான்கு வசனங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அவநம்பிக்கையால் எழுந்த சிரிப்பு. அதனை மறைக்க விரும்பும் மனம். மறைக்க விடாத இறைவன். ஆனால் அவர் அச்சிரிப்புக்காக அவளைத் தண்டிக்கவில்லை. பிறந்த மகனுக்கு ஈசாக்கு, அதாவது நகைப்பு, என்ற பெயரே அமைகிறது. அவளுடைய பேதைமை வாக்குத்தத்தத்தின் பெயராக மாற்றப்படுகிறது. தன் மகனைக் கூப்பிடுந்தோறும் சாராள் தன்னை நோக்கி நகைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதைவிட இரக்கமான நினைவுச்சின்னம் வேறு உண்டோ?

இவ்விடத்தில் அசோகமித்திரனுக்கும் நற்செய்திக்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய சந்திரசேகரன் ஓடுகிறான். ஓடியவனைப் பின்தொடரும் குரல் எதனையும் ஆசிரியர் படைக்கவில்லை. பேதுருவும் ஓர் இரவில் மறுதலித்தான், கர்த்தர் திரும்பி அவனைப் பார்த்தார், அவன் நினைவுகூர்ந்து, வெளியே போய் மனங்கசந்து அழுதான் (லூக். 22:61–62). அழுகை ஓட்டத்தின் முடிவன்று, கடற்கரையில் கரிநெருப்பின் அருகில் அவனுக்குப் பணி ஒன்று காத்திருந்தது (யோவா. 21). மன்னிப்பின் இந்தச் சொல்லை நாவலாசிரியர் உரைக்கவில்லை என்று குறைகூறுவோர் நம்முள் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மன்னிப்பை மலிவாக வழங்கிவிடாமல், குற்றத்தை அதன் முழு எடையோடு நம்முன் வைத்ததே அவர் செய்த உதவி. எஞ்சியதைச் சொல்ல வேண்டிய கடமை நம்முடையது.

6. முடிவுரை: நம் சபைகளின் நினைவு

திருவிருந்தின் நினைவுகூருதல், ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியில் தொடங்குகிறது (1 கொரி. 11:23). பந்தியில் இருந்தோர் அனைவரும் தாமோ அவன் என்று கலங்கினர். குற்றமற்றோரின் நினைவாக அது தொடங்கவில்லை. அப்படியிருக்க, நம் சபைகளின் நினைவு எத்தகையது? நூற்றாண்டு மலர்களையும் ஜூபிலி மலர்களையும் புரட்டிப் பாருங்கள். மிஷனெரிகளின் படங்களும் ஆயர்களின் வரிசையும் கட்டடங்களின் அளவும் அவற்றில் உண்டு. மணியடித்தவரின் பெயரும், வீடுவீடாகச் சென்று திருமறையை வாசித்துக் காட்டிய பெண்களின் பெயர்களும் பெரும்பாலும் இரா. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை அடியோடு விலக்கப்பட வேண்டுமென்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். ஆணையைப் பெருமையோடு நினைவுகூருகிறோம். விலகியவர் யார், ஏன் விலகினர், அவர்களின் மனநிலை நம் கல்லறைத் தோட்டங்களிலும் திருமணப் பேச்சுகளிலும் இன்றும் வாழ்கிறதா என்று கேட்பதில்லை. கிளெமென்டிஸை நீக்கிய புகைப்படம் பிராகு நகரில் மட்டுமா உள்ளது?

ஆயர்களும் இறையியல் மாணவர்களும் அசோகமித்திரனைப் படிக்க வேண்டும். அருளுரைக்கு எடுத்துக்காட்டுத் தேடி அன்று. நினைவுகூரும் முறையைக் கற்றுக்கொள்வதற்காக. நினைவுகூரும்போது நம்மையும் அக்கதைக்குள் நிறுத்துதல். நம் பெருமையைக் கண்டு முதலில் நாமே சிரித்தல். எளியவர்முன் சிரிப்பை நிறுத்தி நிற்றல். இம்மூன்றும் இலக்கிய உத்திகள் மட்டுமல்ல, மனந்திரும்புதலின் படிகளுமாகும்.

அடுத்த ஜூபிலி மலரைத் தொகுக்கும் பொறுப்பு உங்களுள் எவர்க்கேனும் வாய்க்குமாயின், அதில் ஒரு பக்கத்தை ஒதுக்கி வையுங்கள். சபை செய்த ஒரு பேதைமையையும், சபை மறந்த ஒருவரின் பெயரையும் அப்பக்கத்தில் எழுதுங்கள். முகவரி தெரியாத அவருக்கு நாம் அனுப்பும் கடிதம் அதுவேயாகட்டும். அது திரும்பி வரினும், எழுதினோம் என்பதையாவது கர்த்தர் நினைவில் கொள்வார்.